இரும்பு மேஸ்திரி அடைத்த பொந்துகள்

இரும்பு மேஸ்திரிக்கு மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அதைச் சொல்ல அவர் வெட்கப்பட்டதே இல்லை. "படிச்சவன் கட்டடத்தைத் தாள்ல நிறுத்துவான். நான் தரையில நிறுத்துவேன்" என்பார். சொல்லிவிட்டு எதிரில் இருப்பவர் சிரிக்கிறாரா என்று பார்ப்பார். சிரிக்காவிட்டால் இன்னொரு தடவை சொல்வார்.

வெறும் வாய்ச்சவடால் இல்லை. பதினோரு வயதில் தலையில் சும்மாடு வைத்துச் சாந்துச்சட்டி தூக்க வந்தவர், இருபதில் கரணை பிடித்தார். முப்பதைத் தாண்டியபோது அவருக்குக் கீழே நாற்பது பேர் வேலை செய்தார்கள். தூக்குக்குண்டைத் தொங்கவிடாமலே சுவர் சாய்ந்திருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். ஒரு வக்கீலின் புது வீட்டுக்குப் போனவர், உட்காரக்கூட இல்லை, "ஐயா, இந்தச் சுவர் எதிர்க்கட்சிப் பக்கம் சாயுது. அரை விரல்" என்றார். வக்கீல் நம்பாமல் குண்டு விட்டுப் பார்த்தார். சரியாக அரை விரல். அதற்குப் பிறகு வக்கீல் இவரைக் கண்டால் அடுத்த தெருவில் திரும்பிவிடுவாராம். இது மேஸ்திரியே சொன்ன கதை. வக்கீலைக் கேட்டால் வேறு காரணம் சொல்லக்கூடும்.

இத்தனை வேலையிலும் எது பெரிய வேலை என்று கேட்டால் யோசிக்கவே மாட்டார். குழந்தைகள் ஆஸ்பத்திரி என்பார்.

அந்த ஆஸ்பத்திரிக்கு நூறு வயது தாண்டிவிட்டது. ஒரு பெண் டாக்டர் முன்னால் நின்று கட்டியது. சுண்ணாம்புச் சுவர், முழங்கை நீளத்துக்கு மேல் கனம். நடுவில் தோட்டம், கிழக்கே ஒரு கட்டு, மேற்கே ஒரு கட்டு. சன்னல்களெல்லாம் இடுப்புக்குக் கீழே தொடங்கும். படுத்திருக்கிற குழந்தைக்குத் தோட்டம் தெரிய வேண்டும் என்று அந்த டாக்டரம்மா அப்படி வைக்கச் சொன்னாராம். கதவுக்கு இரண்டு கைப்பிடிகள். ஒன்று பெரியவர்களுக்கு, ஒன்று முழங்கால் உயரத்தில் குழந்தைகளுக்கு. அறைகளுக்கு மூலையே கிடையாது, எல்லாம் வளைத்துப் பூசியிருக்கும். மூலை இருந்தால்தானே தூசி உட்காரும், தலை இடிக்கும்.

முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் அங்கே பெரிய டாக்டராக இருந்தவருக்குச் சுவர்தான் தலைவலி. மேலே அடித்த வெள்ளை உதிர்ந்து கட்டிலில் விழுகிறது, குழந்தைகள் சுரண்டித் தின்கின்றன, பெற்றவர்கள் சண்டைக்கு வருகிறார்கள். மேஸ்திரிக்கு ஆள் அனுப்பினார்.

"டாக்டர், மார் உயரத்துக்கு உள்ளேயும் வெளியேயும் பழசைக் கொத்தி எடுத்துட்டு சிமெண்ட் போட்டுடறேன். அப்புறம் எந்தக் குழந்தையும் சுரண்டிப் பார்க்கட்டும். நகம்தான் தேயும்."

நாலு மாதம் வேலை நடந்தது. மேஸ்திரியே கரணையைப் பிடித்தார். முடிந்த அன்று பெரிய டாக்டர் கையில் ஒரு சுத்தியலைக் கொடுத்து, "அடிச்சுப் பாருங்க" என்றார். டாக்டர் தயங்கித் தயங்கி ஒரு அடி அடித்தார். சுத்தியல் துள்ளி வந்தது. "இரும்புய்யா இது!" என்றார் டாக்டர். பேர் ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு வேலைக்குக் குறைவே இல்லை. வீடு, வாசல், ஆள், அம்பு எல்லாம் அந்த ஒரு சுத்தியல் அடியில் வந்தவை என்று சொன்னாலும் தப்பில்லை.

அந்த வேலையில் ஒரு சின்ன விஷயம் உண்டு. சுவரின் வெளிப்பக்கம், தரைக்கு ஒரு சாண் மேலே, வரிசையாகப் பொந்துகள் இருந்தன. உள்ளங்கை அளவு, சதுரம். கட்டுக்கு முப்பத்திரண்டு. சிலவற்றில் துருப்பிடித்த வலை, சிலவற்றில் அதுவும் இல்லை. மேஸ்திரி குனிந்து பார்த்தார். ஒன்றில் எலிப்புழுக்கை கிடந்தது.

"அடைங்கடா எல்லாத்தையும்" என்றார்.

ஆஸ்பத்திரித் தோட்டக்காரர் அங்கேதான் பாத்தி வெட்டிக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத மனிதர். மண்வெட்டியை ஊன்றி நின்றார். "மேஸ்திரி, அதை அடைக்காதீங்க. கட்டினவங்க வேணும்னுதான் விட்டு வச்சிருக்காங்கன்னு எங்க அப்பா சொல்லுவாரு."

"ஏன், எலிக்கு வாடகைக்கு விட்டாங்களா?"

நாற்பது பேரும் சிரித்தார்கள். தோட்டக்காரரும் சிரித்துவிட்டு மறுபடி பாத்தியில் குனிந்துகொண்டார். அறுபத்து நாலு பொந்தும் அடைபட்டன. அடைத்த தடமே தெரியாமல் மேலே பூசினார் மேஸ்திரி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் தெரியாது. எலிக்கு வாடகை என்கிற அந்தப் பேச்சை அப்புறம் எத்தனை கல்யாண வீட்டில் சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை.

மறு வருஷமே அவருடைய மகளுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. நாலு வயது. கிழக்குக் கட்டின் வார்டில் பதினெட்டு நாள் படுத்திருந்தாள். மேஸ்திரி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கையால் குழந்தையின் நெற்றியையும் இன்னொரு கையால் தான் பூசிய சுவரையும் தடவிக்கொண்டிருப்பார். பிள்ளை பிழைத்துக்கொண்டாள். டாக்டருக்குப் பாதி நன்றி, சுவருக்குப் பாதி. அப்படித்தான் அவர் மனசு அன்றைக்குப் பங்கு போட்டது.

காலம் போயிற்று. ஆஸ்பத்திரி புதுக் கட்டடத்துக்கு மாறியது. பழையதைப் பூட்டி எட்டு வருஷம் ஆனபிறகு, இடித்துவிட்டு வண்டி நிறுத்துமிடம் ஆக்கலாம் என்று மேலிடத்தில் பேச்சு வந்தது. அங்கே முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு சிஸ்டர் விடவில்லை. ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி. வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். "அங்க உயிர் பிழைச்சவங்க இந்த ஊர்ல வீட்டுக்கு ஒருத்தர் இருப்பாங்க. கட்டடத்துக்குன்னு பேச ஒருத்தர் வர மாட்டீங்களா?" என்று வாசலில் நின்று கேட்டார். கடைசியில் ஒரு பொறியாளரை அனுப்பிப் பார்வையிடச் சொன்னார்கள்.

பார்வையிடும் நாளன்று மேஸ்திரியையும் கூப்பிட்டிருந்தார் சிஸ்டர். எழுபத்தொரு வயது மேஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மகளோடு வந்து இறங்கினார். மகள் இப்போது ஒரு அலுவலகத்தில் அதிகாரி. அன்றைக்கு லீவு போட்டிருந்தாள். "எங்கப்பா பூசின ஆஸ்பத்திரி" என்று அலுவலகத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

கிழக்குக் கட்டின் பூட்டைத் திறந்ததும் ஒரு வாடை வந்தது. ஈரத்துணியைப் பெட்டியில் வைத்து மறந்துபோன வாடை.

மேஸ்திரி சுவரிடம் போனார். மார் உயரத்துக்குக் கீழே சிமெண்ட் உப்பி, வயிறு தள்ளி நின்றது. விரிசல் ஓரங்களில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. விரல் முட்டியால் தட்டினார். பொள்ளென்றது. லேசாக நெம்பியதும் ஒரு துண்டு கையோடு வந்துவிட்டது. அதற்குப் பின்னால் செங்கல் நனைந்த பிஸ்கட் மாதிரி பொலபொலவென்று கொட்டியது.

நிமிர்ந்து மேலே தட்டினார். மார் உயரத்துக்கு மேலே, அவர் கை வைக்காத பழைய சுண்ணாம்பு. டங்கென்றது. காய்ந்த சுவர். நூறு வருஷச் சுவர், கல் மாதிரி இருந்தது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு, அறை முழுக்கச் சுற்றி ஓடியது. நூல் பிடித்த மாதிரி நேரான கோடு. அந்த நூலைப் பிடித்தவர் அவர்தான்.

மேஸ்திரிக்கு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஓதம், மண்ணிலிருக்கிற ஈரம், தரையிலிருந்து எப்போதும் ஏறும். ஏறினது வெளியே போக வழி வேண்டும். வழியை யார் அடைத்தது? சன்னல் வழியாக வெளிச்சுவரின் அடியைப் பார்த்தார். அங்கே ஒரு பொந்தும் தெரியவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை.

பொறியாளருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மரியாதையான ஆள், சுற்றி வளைக்காமல் பேசினார். "விஷயம் ரொம்பச் சின்னது சிஸ்டர். இந்த ஓதம் கட்டினப்பவே இருந்த கோளாறா, நடுவுல வந்ததா? நடுவுல வந்ததுன்னா வைத்தியம் பண்ணலாம். பிறவிக் கோளாறுன்னா எத்தனை பூசினாலும் நிக்காது, இடிச்சுத்தான் ஆகணும். பழைய பதிவு எதுவும் கிடைக்கல. அந்தக் காலத்துல சுவரைத் திறந்து பார்த்தவங்க யாராவது சொன்னாத்தான் உண்டு."

"அதுக்குத்தான் இவரைக் கூட்டிட்டு வந்திருக்கேன்" என்றார் சிஸ்டர். "இரும்பு மேஸ்திரின்னா ஊருக்கே தெரியும். சொல்லுங்க மேஸ்திரி. நீங்க கொத்தினப்ப உள்ள சுவர் எப்படி இருந்துச்சு?"

உளி பட்டால் பொறி பறந்தது. அதுதான் உண்மை. ஆட்கள் கை வலிக்கிறது என்று முணுமுணுத்தார்கள். ஒரு சாண் கொத்துவதற்குள் உளி மழுங்கிப் போயிற்று. எல்லாம் நேற்று நடந்த மாதிரி ஞாபகம் இருந்தது.

மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட மேடையில் பிள்ளை பாடப்போகும்போது பெற்றவர்கள் பார்க்கிற பார்வை. இங்கே பார்த்தது பிள்ளை, மேடையில் நின்றது அப்பா.

"அப்பவே பொலபொலன்னுதான் இருந்துச்சு" என்றார் மேஸ்திரி. குரல் எப்போதும்போலக் கணீரென்றுதான் வந்தது. "கட்டினவங்க சரியாக் கட்டல. நான் சிமெண்ட் போட்டதாலதான் இத்தனை வருஷம் நின்னுச்சு. இல்லைன்னா எப்பவோ உட்கார்ந்திருக்கும்."

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க மேஸ்திரி."

"நான் சுவத்தைப் பார்த்துப் பொய் சொல்ல மாட்டேன் சிஸ்டர்."

பொறியாளர் எழுதிக்கொண்டார்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மகள்தான் பேசினாள். "அந்த இன்ஜினியர் உங்க பேச்சை அப்படியே எழுதிக்கிட்டாரு, பார்த்தீங்களாப்பா? படிச்சவங்க உங்ககிட்ட வந்து கேக்கறாங்க."

"ம்."

"என்னப்பா, ஒரு மாதிரி இருக்கீங்க? கட்டடம் போயிடுமேன்னா?"

"வெயில் பாப்பா" என்றார் மேஸ்திரி. வானம் மூடிக் கிடந்தது.

பத்து நாளில் முடிவு வந்தது. கிழக்குக் கட்டு மோசமாக இருப்பதால் முதலில் அதை இடிப்பது, மேற்குக் கட்டு அடுத்த மாதம். மேஸ்திரி மறுநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு பொறியாளர் அலுவலகம் வரை போனார். வாசலில் நின்ற ஒருவர், "வாங்க மேஸ்திரி! எலிக்கு வாடகை கதையைச் சொல்லுங்களேன், இவங்க கேட்டதில்லையாம்" என்று கூட இருந்தவர்களைக் காட்டினார். மேஸ்திரி சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். உள்ளே போகாமல் திரும்பி வந்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து இன்னொரு தடவை போனார். பொறியாளர் வெளியே போயிருந்தார். காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருக்கவில்லை. ஆள் இல்லாதது நல்லதாயிற்று என்று அவருக்கே தெரியாமல் ஒரு மூச்சு விட்டார். பின்னால் அந்த ஒரு மூச்சை நினைத்துத்தான் அவர் அதிகம் கூசிப்போனார்.

மூன்றாவது தடவை நேராக ஆஸ்பத்திரிக்கே போனார். மேற்குக் கட்டுக்குப் பின்னால் யாரும் பார்க்காமல் ஒரே ஒரு பொந்தைத் திறந்து பார்த்துவிடலாம், தன் நினைப்பு தப்பாகக்கூட இருக்கலாம் என்று உளியும் சுத்தியலும் பையில் எடுத்துப்போனார். தப்பாக இருந்துவிட்டால் எவ்வளவு நல்லது! ஆயுசில் முதல் தடவையாகத் தன் கணிப்பு தப்பாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

வாசலை நெருங்கும்போதே இயந்திரச் சத்தம் கேட்டது.

கிழக்குக் கட்டின் பாதி ஏற்கெனவே தரையில் கிடந்தது. இயந்திரத்தின் கை அடுத்த சுவரைத் தொட்டது. கீழே பூச்சுப் பட்டிருந்த இடம் ஒரு தள்ளுக்கே பொசுக்கென்று போயிற்று. மேலே இருந்த சுண்ணாம்புச் சுவர் போகவில்லை. ஓட்டுநர் மூன்று தடவை, நாலு தடவை முட்டினார். "என்னய்யா இது, மேல பாறையா இருக்கு, கீழ மாவா இருக்கு!" என்று கத்தினார். அது பெரிய பெரிய துண்டாகத்தான் விழுந்தது.

முறிந்து நின்ற சுவரின் குறுக்குவெட்டு மேஸ்திரிக்கு நேர் எதிரே இருந்தது. அப்போதுதான் பார்த்தார். அடியில் அவர் அடைத்த பொந்து. அதிலிருந்து சுவருக்குள்ளேயே ஒரு குழாய், தட்டைச் செங்கல் பதித்து, கொஞ்சமும் பிசிறில்லாமல் மேலே ஏறி, கூரைக்கு அடியில் போய் வெளியே திறந்தது. சன்னலுக்குச் சன்னல் ஒரு குழாய். சுவர் முழுக்க மூச்சு விடுகிற மாதிரி கட்டியிருந்தார்கள். குழாய்களின் உட்பக்கம் ஈரத்தில் கறுத்துப் போயிருந்தது. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு சிமெண்ட் உருண்டை. அது மட்டும் விரிசல் இல்லாமல், அவர் பேருக்கேற்ற மாதிரி இரும்பாக உட்கார்ந்திருந்தது.

"நிறுத்துப்பா! நிறுத்து!"

"பெரியவரே, தள்ளி நில்லுங்க! கல்லு தெறிக்குது."

"நிறுத்துடா! தப்பாச் சொல்லிட்டேன்! நான் தப்பாச் சொல்லிட்டேன்!"

ஓட்டுநருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெயிலில் பெரியவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று இயந்திரத்தை அணைத்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலோடு இறங்கி வந்தார். வந்தவரிடம், சன்னலுக்குப் பக்கத்தில் ஒரு கட்டில் இருந்தது, நாலு வயசுப் பிள்ளை, பதினெட்டு நாள் என்று என்னவோ சொன்னார் மேஸ்திரி. "யார் வீட்டுப் பிள்ளை? உள்ள யாருமில்லையே ஐயா" என்று ஓட்டுநர் பயந்துபோய்க் கற்குவியலைப் பார்த்தார்.

பொறியாளர் வந்தார், சிஸ்டர் வந்தார். போன் போய் மகளும் அலுவலகத்திலிருந்து ஓடி வந்தாள். மூன்று பேர் முன்னாலும் மேஸ்திரி சொன்னார். உட்கார்ந்து சொல்லுங்கள் என்றார்கள். உட்காரவில்லை.

"கொத்தினப்ப சுவர் கல்லு மாதிரி இருந்துச்சு. பொந்தை நான்தான் அடைச்சேன். எலின்னு நினைச்சு அடைச்சேன். அன்னிக்கு நீங்க கேட்டப்ப எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் மாத்திச் சொன்னேன்."

பொறியாளர் முறிந்த சுவரிடம் போய்க் குழாய்க்குள் கையை விட்டுப் பார்த்தார். "நானும் ஒரு இடத்தை உடைச்சுப் பார்த்திருக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு திரும்பி, "அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு கட்டும் நின்னிருக்கும் ஐயா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் மேஸ்திரிக்குத் திருப்பிக் கத்த வசதியாக இருந்திருக்கும்.

மகள் அவருடைய பையை வாங்கிக்கொண்டாள். உள்ளே உளியும் சுத்தியலும் இருந்ததைப் பார்த்தாள். "வாங்கப்பா போலாம்" என்று மட்டும் சொன்னாள்.

மேற்குக் கட்டு தப்பியது. சிமெண்டை உரித்து எடுத்து, பொந்துகளைத் திறந்து, சுவர் தானாகக் காய்வதற்கு ஒரு வருஷம் விட வேண்டும், பிறகு சுண்ணாம்பு பூசலாம் என்று பொறியாளர் எழுதிக் கொடுத்தார். மேலிடம் ஒத்துக்கொண்டது. முப்பத்திரண்டு பொந்தையும் தானே திறக்கிறேன் என்று மேஸ்திரி கேட்டுக்கொண்டார். வயதைச் சொல்லித் தடுத்துப் பார்த்தார்கள். "நான் போட்ட சிமெண்டை உடைக்க இன்னைக்குத் தேதியில ஆள் பொறந்திருக்கானா?" என்றார். பழைய மிடுக்கு கொஞ்சம் தலைகாட்டியது. ஆனால் சொல்லிவிட்டு யார் சிரிக்கிறார்கள் என்று பார்க்கவில்லை.

நாளைக்கு ஒரு பொந்து, உடம்பு கேட்டால் இரண்டு. தோட்டத்துப் பக்கம் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து, உளியை வைத்து நிதானமாகத் தட்டுவார். ஒவ்வொன்றும் திறக்கும்போது உள்ளேயிருந்து சில்லென்று காற்று வந்து முகத்தில் படும்.

ஒருநாள் சிஸ்டர் ஒரு தாளோடு வந்தார். வாசலில் ஒரு பலகை வைக்கப்போகிறார்கள், கட்டடத்தின் கதையை எழுதியிருக்கிறேன், நீங்களும் ஒரு தடவை பாருங்கள் என்றார். மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். டாக்டரம்மா கட்டியது, தாழ்ந்த சன்னல், இரட்டைக் கைப்பிடி எல்லாம் இருந்தன. விரலை வைத்து வைத்து வந்தவர் ஒரு வரியில் நின்றார். 'காற்றுத் துவாரங்கள் பிற்காலத்தில் தவறுதலாக அடைபட்டதால் ஓதம் மிகுந்து கிழக்குக் கட்டு இடிக்கப்பட்டது.'

"தவறுதலான்னா, தெரியாமன்னுதானே சிஸ்டர்?"

"ஆமா."

"சரி. அடைச்சது தெரியாமத்தான்." விரலை எடுக்கவில்லை. "அதுக்கப்புறம் தெரிஞ்சே ஒண்ணு செஞ்சேனே. அதை எங்க போட்டிருக்கீங்க?"

"அதெல்லாம் பலகையில எழுதற சமாசாரம் இல்ல மேஸ்திரி."

"ஏன், இடமில்லையா?"

சிஸ்டர் தாளை வாங்கி மடித்தார். "இடம் இருக்கு" என்றார்.

மேஸ்திரி அடுத்த பொந்துக்குச் சாக்கை இழுத்துப் போட்டுக்கொண்டார். பலகை அப்படியேதான் எழுதி மாட்டப்பட்டது.